இடது கைத் தாழ்ப்பாள்

ஜனவரி 12

அன்புள்ள அக்கா,

போனில் பேசினால் நீ கத்துகிறாய், நான் பாதியில் வைத்துவிடுகிறேன், பிறகு இரண்டு பேரும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிறோம். அதனால் எழுதுகிறேன். காகிதத்தில் உன்னால் கத்த முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். கடைசி மாட்டையும் விற்றதிலிருந்து மாட்டுக் கொட்டகையும் தானியக் கிடங்கும் சும்மா கிடக்கின்றன. புறாக்கள்தான் குடும்பம் நடத்துகின்றன. ஆற்றுக்கு அந்தப் பக்கம் குதிரைச் சவாரிப் பள்ளி ஒன்று இருக்கிறதே, அவர்களை இடத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்களாம். பள்ளி நடத்தும் அம்மா நம் இடத்தைப் பார்த்துவிட்டுப் போனார். ஆறு குதிரைகளை இங்கே கொண்டுவந்து கட்டத் தயாராக இருக்கிறார். மழைக்கு முன்னால் லாயம் தயாராக வேண்டும் என்பதுதான் அவர் நிபந்தனை.

குதிரை என்று படித்ததும் உன் முகம் எப்படிப் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். தயவுசெய்து கடிதத்தை முடித்துவிட்டுக் கோபப்படு.

அம்மா எழுதி வைத்தபடி கிடங்கு எனக்கு, கொட்டகை உனக்கு. கிடங்கில் மூன்று குதிரைகள்தான் நிற்கும். உன் கொட்டகையும் சேர்ந்தால்தான் ஆறு. ஆறுக்கு இடமில்லை என்றால் அந்த அம்மா வேறு இடம் பார்த்துக்கொள்வார். நானும் வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கேயாவது வேலைக்குப் போக வேண்டியதுதான். அதனால் உன் சம்மதம் வேண்டும். ஒரே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும்.

கிடங்கில் வேலையை ஆரம்பித்துவிட்டேன். மூட்டை அடுக்கப் போதும் என்றிருந்த உயரம் குதிரைக்குப் போதாது. குதிரை மிரண்டால் தலையை மேலே தூக்கும், உத்தரத்தில் இடித்துக்கொள்ளும். அதனால் பரணைப் பிரித்தாயிற்று. காற்று அதன் தலைக்கு மேலே போக வேண்டும், முதுகில் அடிக்கக் கூடாது. ஜன்னல்களை மேலே ஏற்றி வைக்கிறேன். தடுப்புச் சுவரை முழுசாக எழுப்பாமல் மேல் பாதியில் கம்பி வைக்க வேண்டும். பக்கத்து அறையில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாவிட்டால் குதிரை நிம்மதியாக நிற்காதாம்.

கடைசியாக ஓர் உதவி. கதவுகளுக்குத் தாழ்ப்பாள் உன் கடையிலிருந்தே அனுப்பு. மேலே ஒன்று, கீழே காலால் தள்ளுகிற மாதிரி ஒன்று. குதிரை பல்லால் மேல் தாழ்ப்பாளைத் திறந்துவிடும், அதனால் இரண்டும் வேண்டும். மொத்தம் ஏழு கதவு.

மாமாவைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி

•

ஜனவரி 20

தம்பிக்கு,

காகிதத்தில் கத்த முடியாது என்று யார் சொன்னது? இதைச் சத்தமாகப் படித்துப் பார்.

குதிரை. அதுவும் நம் வீட்டில். உனக்கு அது கதையாகத்தான் தெரியும், நீ அப்போது மூக்கு ஒழுகிக்கொண்டு திரிந்த பிள்ளை. நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டவள். அம்மாவின் கறவை மாடுகள் இரண்டை ஓட்டிக்கொண்டு போய், பதிலுக்கு ஒரு நொண்டிக் குதிரையைப் பிடித்துக்கொண்டு வந்தார் அந்த மனிதர். “குதிரையா, நாங்களா? இப்பவே சொல்லுங்க” என்று அம்மா கேட்டாள். அவர் குதிரையைப் பிடித்தபடி வாசலைத் தாண்டிப் போனார். போனவர் போனவர்தான். அம்மா கொட்டகைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, மிச்சமிருந்த மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள். அழக்கூட இல்லை.

அந்தக் கொட்டகையில்தான் நான் குதிரை கட்ட வேண்டும் என்கிறாய்.

இன்னொன்றும் இடிக்கிறது. நீ பிறந்ததிலிருந்து பார்த்தது மாடு. மாட்டைப் பற்றிக்கூட எனக்கு இவ்வளவு விளக்கமாக நீ எழுதியதில்லை. காற்று தலைக்கு மேலே போக வேண்டும், முதுகில் அடிக்கக் கூடாது, தடுப்பில் கம்பி வேண்டும், பல்லால் தாழ்ப்பாளைத் திறக்கும். இதெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தது? அந்தப் பள்ளிக்கூட அம்மாவா? ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனவர் ஜன்னல் உயரம் வரை சொல்லிவிட்டுப் போனாரா?

குதிரை ஆறு, கதவு ஏழு. ஏழாவது எதற்கு?

என் கொட்டகையைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்ல மாட்டேன். உன் கிடங்குக்கு மட்டும் தாழ்ப்பாள்கள் அனுப்பியிருக்கிறேன். நல்ல கனமான சரக்கு. தம்பி என்பதற்காக மட்டமானதை அனுப்பவில்லை, தம்பி என்பதற்காக உன்னை நம்பிவிடவும் இல்லை.

அக்கா

•

பிப்ரவரி 2

அன்புள்ள அக்கா,

சத்தமாகப் படித்தேன். புறா பறந்துவிட்டது.

ஏழாவது கதவு சேணம், கயிறு எல்லாம் வைக்கிற அறைக்கு. கிடங்கின் கோடியில் விதை மூட்டை அடுக்குவோமே, அந்தச் சின்ன அறை. இதற்குப் போய் விசாரணைக் கமிஷன் வைக்கிறாயே!

யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டாய். கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். நாலு பேரைக் கேட்டால் நாலு விஷயம் தெரியாதா? வேலை நன்றாகப் போகிறது. பழைய தானியத் தொட்டிகளை உடைத்து எடுத்தாயிற்று. சிமெண்டுத் தரை வழுக்கும் என்று கோடு கோடாகக் கீறிவிட்டேன், தண்ணீர் நடுவாய்க்காலுக்கு ஓடிவிடும். இப்போது பலகை அடிக்கும் வேலை. ஆணித் தலை எங்கேயாவது நீட்டியிருந்தால் குதிரையின் தோல் கிழிந்துவிடும். உள்ளங்கையால் தடவிப் பார்த்தால் போதாது, உழைத்த கைக்கு உறைக்காது. கன்னத்தை வைத்துத் தடவிப் பார்க்க வேண்டும். கன்னத்துக்கு உறுத்தாத பலகைதான் குதிரைக்கும் உறுத்தாது. நானே சுவரோடு சுவராகக் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டு போகிறேன், பார்க்கிறவர்கள் எனக்குக் கல்யாண ஆசை வந்துவிட்டது என்று நினைப்பார்கள்.

தாழ்ப்பாள்கள் அருமை. ஆனால் எல்லாம் வலது கைச் சரக்காக இருக்கிறது. திருப்பி அனுப்பியிருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. கதவுக்குக் கீல் வலப்பக்கம், தாழ்ப்பாள் இடப்பக்கம் வரும். கைப்பிடி இடது கையால் இழுக்கிற மாதிரி வளைந்ததாக அனுப்பு. குதிரையை நடத்தும்போது அதன் இடப்பக்கம் நின்று வலது கையில் கயிற்றைப் பிடிப்போம் இல்லையா, சும்மா இருக்கிற கை இடது. அந்தக் கையால்தானே கதவைத் திறக்க முடியும்.

உன் ஒரு வரிக்காகக் காத்திருக்கிறேன்.

தம்பி

•

பிப்ரவரி 11

தம்பிக்கு,

காரணம் நன்றாகத்தான் இருக்கிறது. ரொம்ப நன்றாக இருக்கிறது, அதுதான் பிடிக்கவில்லை.

நான் பூட்டும் தாழ்ப்பாளும் விற்கிறவள். இடது கைச் சரக்கு என் கடையில் தூசி படிந்து கிடக்கும், கேட்டு வருகிறவர் அபூர்வம். குதிரை வைத்திருக்கிற ஒருவர் இங்கே வாடிக்கையாக வருவார். அவரைக் கேட்டேன். “கதவு எந்தப் பக்கம் வசதியோ அந்தப் பக்கம் தாழ்ப்பாள் போடுவோம்மா. கயிற்றைக் கை மாத்திப் பிடிச்சா முடிஞ்சுது. வர்ற தாழ்ப்பாளைத் திருப்பி அனுப்பறவன் இடதுகைக்காரனா இருப்பான்” என்றார் சிரித்துக்கொண்டே. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீ இடதுகைக்காரன் இல்லை. நானும் இல்லை, அம்மாவும் இல்லை. கொட்டகையின் பழைய கதவில் தாழ்ப்பாள் முதலில் இடப்பக்கம்தான் இருந்தது, உனக்கு ஞாபகம் இருக்காது. அந்த மனிதர் தன் கைக்குத் தோதாகப் போட்டது. பால் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து அதைத் திறக்கும்போதெல்லாம் அம்மாவுக்கு விரல் முட்டி தோலுரியும். அவர் போன பிறகு அம்மா செய்த முதல் காரியம் ஆளைக் கூப்பிட்டுக் கீலை இந்தப் பக்கம், தாழ்ப்பாளை அந்தப் பக்கம் மாற்றியதுதான். நிலைக் கட்டையில் பழைய நாலு துளை இன்னும் இருக்கும், போய்ப் பார்.

கன்னம் வேறு. எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு மரப்பெட்டி செய்தபோது அதன் விளிம்பைக் கன்னத்தால் தடவிப் பார்த்த ஒரே ஒரு ஆளை எனக்குத் தெரியும். என் கன்னத்தையும் வைத்துத் தடவச் சொன்னார்.

நேற்றுப் பால்வண்டிக்காரர் சாவிக்கு நகல் எடுக்கக் கடைக்கு வந்தார். நம் வீட்டைத் தாண்டித்தான் வண்டி இன்னும் போகிறதாம். நான் ஒன்றும் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். “உங்க தம்பி இப்ப தனியா இல்லைபோல இருக்கும்மா. திண்டு மேல எப்பவும் ரெண்டு டம்ளர் இருக்கு. தொப்பி போட்ட ஒரு பெரியவர் கிடங்குப் பக்கம் நடமாடறாரு.”

யார் அது? என் காதில் பூச் சுற்றாமல் பதில் எழுது.

அக்கா

•

பிப்ரவரி 19

அக்கா,

அவர் தச்சு வேலைக்கு வருகிறவர். பெரிய கதவுகளை ஒற்றை ஆளாகத் தூக்கி மாட்ட முடியுமா? வயசானவர், கொஞ்சம் கூலிக்கு வருகிறார், டீ கொடுக்கிறேன். இரண்டு டம்ளர் வைத்தது குற்றமா?

நீ கேட்டாய், நானும் கேட்கிறேன். போன வாரம் ஒருத்தன் வந்து சாலையிலிருந்து கொட்டகை வரை டேப் வைத்து அளந்தான். என்ன என்று கேட்டால், “மேடம் அளக்கச் சொன்னாங்க” என்றான். எந்த மேடம் என்று கேட்பதற்குள் டேப்பைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான். உன் பங்கைக் குடோன் கட்ட இடம் தேடுகிறவர்களுக்குத் தள்ளிவிடப் பார்க்கிறாயா? அதற்குத்தான் சம்மதமும் தராமல் மறுக்கவும் மறுக்காமல் இழுத்தடிக்கிறாயா? பால்வண்டிக்காரரிடம் வாயைப் பிடுங்குகிறாய், ஆள் வைத்து அளக்கிறாய். நான் என்ன திருடனா?

நீ நாள் பூராவும் பூட்டோடு இருக்கிறவள். யாரைப் பார்த்தாலும் கள்ளச் சாவி வைத்திருப்பான் என்றே தோன்றுகிறது உனக்கு. அம்மா போன பிறகு இந்த இடத்தில் இருந்தவன் நான். கூரை ஒழுகினால் ஏறியவன் நான். நீ நல்ல நாளுக்குக்கூட வரவில்லை.

பள்ளிக்கூட அம்மா இரண்டு தடவை கேட்டுவிட்டார். இந்த மாசத்துக்கு மேல் அவரால் பொறுக்க முடியாது. உன் கொட்டகை கிடைக்குமா, கிடைக்காதா? அதை மட்டும் சொல்.

தம்பி

•

பிப்ரவரி 25

தம்பிக்கு,

அளக்க ஆள் அனுப்பியது நான்தான். விற்பதற்கு இல்லை. எனக்குத் தெரியாமல் அங்கே என்ன நடக்கிறது என்று பார்க்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. அவன் உருப்படியாக எதையும் பார்க்காமல் நீளம் அகலம் மட்டும் எழுதிக்கொண்டு வந்தான், முட்டாள்.

என் கொட்டகை கிடைக்குமா என்று கேட்டாய். ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல், பிறகு நான் சொல்கிறேன்.

உன் தச்சர் சுத்தியலை எந்தக் கையில் பிடிக்கிறார்?

அக்கா

•

மார்ச் 5

அக்கா,

இடது கையில்.

மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். பொய் எழுதினால் நீ கண்டுபிடித்துவிடுகிறாய், நிஜத்தை எழுதினால் உன்னை இழந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. ஆனாலும் எழுதித்தான் ஆக வேண்டும்.

அப்பா வந்து மூன்று மாசத்துக்கு மேலாகிறது. சவாரிப் பள்ளியில் அவர்தான் லாயக்காரராக இருந்திருக்கிறார். ஆற்றுக்கு அந்தப் பக்கம், அக்கா! இத்தனை வருஷம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுக் கடைசியில் அங்கே வந்து தங்கியிருக்கிறார், பாலத்தைத் தாண்டி வர மட்டும் தைரியம் வரவில்லை. பள்ளியைக் காலி செய்யச் சொன்னதும், இடம் தேடிக்கொண்டிருந்த அந்த அம்மாவிடம் நம் இடத்தைச் சொன்னது அவர்தான். அந்த அம்மாவோடு வண்டியில் வந்தார். அவர் மட்டும் கேட்டுக்கு வெளியே நின்றார். மழை பெய்துகொண்டிருந்தது. யாரோ டிரைவர் என்று நினைத்து, “உள்ள வாங்க, ஏன் நனையறீங்க?” என்று கூப்பிட்டேன். “நீயே கூப்பிட்டியே, அப்புறம் தெரிஞ்சு திட்டக் கூடாது” என்றார். அப்போதும் எனக்குப் புரியவில்லை.

யார் என்று தெரிந்த பிறகு நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று நீ சொல்வாய். எனக்குத் தெரியும். ஆனால் அவர் போனதை நீ பார்த்தாய். எனக்கு அதில் ஞாபகம் இருப்பது குதிரையின் வால் மட்டும்தான். நான் பார்த்தது அவர் வந்ததைத்தான்.

இடது கை நடுங்குகிறது அவருக்கு. வேலை முழுக்க வாயால் சொல்கிறார், நான் செய்கிறேன். ஏழாவது அறை சேணத்துக்கு இல்லை. அவருக்கு. வீட்டுக்குள் வந்து படுங்கள் என்றால் கேட்கவில்லை. “அந்த வீட்ல எனக்கு இடம் இல்லை, குதிரை பக்கத்துல போதும்” என்கிறார். அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. உன்னைப் பற்றி ஒரே தடவை கேட்டார், “அவளுக்குத் தெரியுமா?” என்று. தெரியாது என்றேன். “தெரிஞ்சா நான் போயிடறேன். உங்க ரெண்டு பேருக்கு நடுவுல நான் வேண்டாம்” என்றார்.

நான் உன்னிடம் மறைத்தது தப்பு. ஆனால் சொல்லியிருந்தால் நீ முதல் பஸ்ஸில் வந்து அவரை வெளியே தள்ளியிருப்பாய். பொய்யா?

இப்போது உன் கையில் இருக்கிறது. கொட்டகை உன்னுடையது, சம்மதம் உன்னுடையது. அவர் போக வேண்டும் என்றால் நீயே சொல், நான் சொல்ல மாட்டேன். என் வாயால் வராது.

தம்பி

•

மார்ச் 17

அக்கா,

உன்னிடமிருந்து பதில் இல்லை. நீ திட்டியாவது எழுதுவாய் என்று தினமும் தபால்காரரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அவரே என் முகத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, “நாளைக்கு வரும்பா” என்கிறார்.

நேற்று உலர்ந்த புல் வாங்க விடியற்காலையிலேயே போய்விட்டேன். சாயங்காலம் திரும்பி வந்து பார்த்தால் கிடங்கின் எல்லாக் கதவுகளிலும் தாழ்ப்பாள் மாட்டியிருக்கிறது. இடது கைச் சரக்கு. திருகாணித் தலைகள் எல்லாம் ஒரே நேராக நிற்கின்றன, அப்படி மாட்டுகிறவர்கள் அதிகம் கிடையாது.

அப்பாவைக் கேட்டேன். “கடையிலேர்ந்து பூட்டுக்காரம்மா வந்தாங்க, மாட்டிட்டுப் போனாங்க” என்றார். பேர் கேட்டீர்களா என்றேன். அதற்குள் தூங்கிவிட்ட மாதிரி கண்ணை மூடிக்கொண்டார்.

கடையில் வேறு பெண்ணை வேலைக்கு வைத்திருக்கிறாயா? இல்லை நீயேதானா? நீயே என்றால் என்ன பேசினாய்? எனக்குத் தூக்கம் வரவில்லை.

தம்பி

•

மார்ச் 24

தம்பிக்கு,

வேறு யாரையும் வேலைக்கு வைக்கவில்லை. நான்தான்.

நீ சொன்னது சரி. வெளியே தள்ளத்தான் வந்தேன். உன் கடிதத்துக்குப் பிறகு நாலு நாள் கடையில் எந்தப் பூட்டும் சரியாகத் திறக்கவில்லை என் கைக்கு. பையில் அந்த இடது தாழ்ப்பாள்களை எடுத்துப் போட்டுக்கொண்டேன். அவர் முன்னால் தரையில் எறிந்து, இதற்காகத்தானே வந்தீர்கள் என்று கேட்க வேண்டும் என்று பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் என்னைப் பார்த்துத் தள்ளி உட்கார்ந்தார்.

அவர் கிடங்கு வாசலில் உட்கார்ந்து பலகைக்கு உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு சின்ன ஆளாகிவிட்டார்! நான் இத்தனை வருஷமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்த மனிதர் நிலைவாசல் உயரம் இருப்பார். நிமிர்ந்து பார்த்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, “பூட்டுக் கடையிலேர்ந்தா?” என்றார்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? “ஆமா” என்றேன். அந்த ஒரு வார்த்தையோடு என் ஒத்திகை எல்லாம் போயிற்று. பிறகு வேலைதான். அவர் இடத்தைக் காட்டினார், நான் துளை போட்டேன். திருகாணிகளை வாயில் கவ்விக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார், அப்போது செய்வாரே அதே மாதிரி. உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அவர் நீட்டும்போது இரண்டு கீழே விழுந்தன. நான் பொறுக்கிக்கொண்டேன்.

கிடங்கு முடிந்ததும் கொட்டகைப் பக்கம் நடந்தார். நானும் போனேன், என் கொட்டகைதானே. பழைய கதவுக்கு முன்னால் நின்று நிலைக் கட்டையில் அந்த நாலு துளைமேல் விரலை வைத்தார். “முதல்ல இங்கதான் இருந்துச்சு. அப்புறம் மாத்திட்டாங்க” என்றார்.

“மாத்தினவங்களுக்குக் காரணம் இருந்திருக்கும்” என்றேன்.

“இருந்துச்சும்மா. நல்லாவே இருந்துச்சு” என்றார். துளையிலிருந்து விரலை எடுத்துக்கொண்டு, “இது மட்டும் அப்படியே இருக்கட்டும். மாத்த வேண்டாம்” என்றார். அதை நான் சொல்ல இருந்தேன். எனக்கு முன்னால் அவர் சொல்லிவிட்டது எனக்கு இன்னும் ஆறவில்லை.

அந்தச் சின்ன அறைக்கு வந்தோம். மற்ற கதவுகளைப் போல அதற்கும் வெளியே தாழ்ப்பாள் போட நீ பென்சிலால் குறித்து வைத்திருந்தாய். மூளை இருக்கிறதா உனக்கு? மனுஷன் படுக்கிற அறைக்கு வெளியே தாழ்ப்பாளா? “உள்ள போடட்டுமா, வெளியவா?” என்று கேட்டேன். “எங்க போட்டாலும் சரி. வெளிய போட்டா நீங்களே பூட்டிட்டுப் போங்க” என்றார். சிரிக்கவில்லை. நான் உள்ளேதான் போட்டேன். எண்ணெய் விட்டு, நானே பத்துத் தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். அவர் போவதென்றால் தானே திறந்துகொண்டு போகட்டும். இருப்பதென்றால் தானே சாத்திக்கொண்டு இருக்கட்டும். இந்தத் தடவை நம்மில் யாரும் அவரைச் சாத்தியதாக இருக்கக் கூடாது.

எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் தீரவில்லை. அவருக்கு என்னைத் தெரிந்ததா, தெரியவில்லையா? கண் மங்கலாக இருக்கலாம், நானும் நரைத்துப் பருத்துப் போனேன். ஆனால் வேலை முடிந்ததும் டீ போட்டுக் கொடுத்தார். சர்க்கரை இல்லாமல். நான் சின்ன வயசிலிருந்தே சர்க்கரை போட்ட டீயைத் தொட மாட்டேன். வீட்டில் மற்ற எல்லாரும் தித்திப்பாகக் குடிப்பீர்கள். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் எப்படி அப்படிக் கொடுத்தார்? அன்றைக்கு வீட்டில் சர்க்கரை தீர்ந்து போயிருந்ததா? எனக்கு அது தெரிய வேண்டும். பஸ்ஸில் வரும்போது வழியெல்லாம் அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன், அழுகையும் வந்தது.

நான் மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அந்த முறை வைத்துக் கூப்பிட எனக்கு இன்னும் வாய் வரவில்லை, எழுதவும் கை வரவில்லை. அம்மா இருந்திருந்தால் என்ன செய்திருப்பாள் என்று யோசித்துப் பார்த்தேன், தெரியவில்லை. அவளுக்கு நான் துரோகம் செய்கிறேனோ என்றுகூட இருக்கிறது.

சம்மதம் தனித் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். கொட்டகையில் புதுக் கதவு எத்தனை வேண்டுமானாலும் வை. பழைய கதவில் அம்மா போட்ட தாழ்ப்பாள் வலப்பக்கமே இருக்கும். அவர் அதைத் திறக்கும்போது கொஞ்சம் கஷ்டப்படட்டும்.

மூன்று மாசம் என்னிடம் பொய் சொன்னதற்கு உன்னோடு தனியாகப் பேசிக்கொள்கிறேன்.

அக்கா

•

ஏப்ரல் 3

அன்புள்ள அக்கா,

தாள் கிடைத்தது. பள்ளிக்கூட அம்மாவிடம் காட்டிவிட்டேன். கொட்டகையில் இன்று காலையிலிருந்து இடிக்கிறோம். புறாக்கள் வீட்டுக் கூரைக்குக் குடிபோய்விட்டன.

நீ கேட்டதற்குப் பதில். சர்க்கரை தீரவில்லை. டப்பா நிறைய இருந்தது, அடுப்புக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதற்கு முந்தின நாள்தான் நான் வாங்கி வந்து கொட்டினேன். அவரும் தன் டம்ளரில் மூன்று ஸ்பூன் போட்டுக் குடிக்கிறவர்.

உன் கடிதத்தைப் பற்றி அவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. இன்னும் ‘பூட்டுக்காரம்மா’ என்றுதான் சொல்கிறார். கொட்டகையில் பலகை எடுக்கப் பழைய கதவு வழியாகத்தான் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறார். நான் திறந்துவிடுகிறேன் என்றாலும் விடுவதில்லை. விரல் முட்டியில் தோல் போயிருக்கிறது, மருந்து போட்டுக்கொள்ள மாட்டேன் என்கிறார்.

ஆனால் நாலு நாளாக ஒரு புகார். அவர் அறையில் நீ உள்ளே போட்ட தாழ்ப்பாள் இறுகுகிறதாம். எண்ணெய் விடுகிறேன் என்றேன், வேண்டாம் என்றார். நகரத்திலிருந்து ஆளை வரவழைக்கட்டுமா என்றேன். “வேற யாரும் கை வைக்க வேண்டாம். மாட்டினவங்களே வந்து பார்த்தாத்தான் சரியா வரும். எப்ப வருவாங்கன்னு கேட்டு எழுது” என்றார்.

அவர் வெளியே போயிருந்தபோது நான் போய் இழுத்துப் பார்த்தேன். ஒற்றை விரலுக்கு ஓடுகிறது.

எப்போது வருகிறாய்?

தம்பி